கப்பலேறி வந்த கீழாநெல்லி

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்தால் போதும், முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் இன்னும் வீடு எழும்பாத மனைகளெல்லாம் பச்சை கட்டிவிடும். அந்தப் பச்சைக்குள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் நிற்கும் செடி ஒன்று உண்டு. இலைகள் நெல்லி இலையின் அதே அடுக்கில் இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு காயும் தெரியாது. கிளையை விரலால் மெல்லத் திருப்பினால்தான் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் சிறு காம்புகளில் வரிசையாகத் தொங்குவது தெரியும். பொழுது சாய்ந்தால் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். கிள்ளி வாயிலிட்டால் கசப்பு.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கீரை விற்கும் ஆயாவிடம் கீழாநெல்லி கேட்டால் விலை சொல்வதற்கு முன் “யாருக்குப்பா காமாலை?” என்றுதான் கேட்பார். “அடியில காய் இருக்கான்னு திருப்பிப் பாத்து வாங்கணும். இல்லேன்னா அது வேற செடி” என்று பாடமும் சொல்வார். வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கரைத்து வெறும் வயிற்றில் குடிப்பது. உப்பையும் எண்ணெயையும் தள்ளிவைத்துப் பத்தியம் இருப்பது. இதெல்லாம் தமிழ் வீடுகளில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் செடி எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போய்த் திரும்பியது என்பதை மட்டும் நாம் அதிகம் கேட்டதில்லை.

இன்று தாம்பரத்து மனைகளில் மிகுதியாக முளைக்கும் கீழாநெல்லிக்குத் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பிறந்தகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பதே தாவரவியலார் இன்று பொதுவாக ஏற்கும் கருத்து. மிளகாயும் நிலக்கடலையும் பப்பாளியும் வந்த அதே திசை. அவற்றை யாரோ விரும்பிக் கொண்டுவந்தார்கள். கீழாநெல்லியை யாரும் அழைத்துவரவில்லை. வணிகக் கப்பல்கள் வழியே அதன் விதை தானாகப் பரவியிருக்கும் என்று கருதியவர் கிரேடி வெப்ஸ்டர். 1950களில் மேற்கிந்தியத் தீவுகளின் ஃபில்லாந்தஸ் இனங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலார் அவர்.

அப்படியானால் நம் பழைய வைத்தியர்கள் சொன்ன கீழாநெல்லி எது? நம் மண்ணிலும் ஆசியாவிலும் தொன்றுதொட்டு இருக்கும் உறவுச்செடிகள் பல உண்டு. தண்டில் சிவப்போடும் காயில் சொரசொரப்போடும் நிற்பது ஒன்று. அதைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். மேலாநெல்லி என்பது இன்னொன்று. வைத்தியர் செடியை இனங்கண்டது இலையின் அடுக்கையும் காய் நிற்கும் இடத்தையும் நாக்கில் படும் கசப்பையும் வைத்துத்தான். அதே அடையாளங்களோடு ஒரு வந்தேறிச் செடி வேலியோரத்தில் முளைத்தபோது அதையும் அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு உடனே கைக்குக் கிடைக்கும் செடி வேண்டும். ஊர் முழுக்க முளைக்கும் செடியே கடைசியில் பெயரையும் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குடும்பத்தின் பெயர்க்குழப்பம் உலகளாவியது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியிலிருந்த டச்சுத் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முதலானோரின் அறிவைக் கொண்டு 12 தொகுதிகளில் மலபார்ச் செடிகளின் பெருநூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலில் கீழாநெல்லியும் படத்தோடு இருக்கிறது. அதே காலத்தில் இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சென்னையைச் சுற்றிய செடிகளைத் தமிழ்ப் பெயரோடும் மருத்துவப் பயனோடும் உலர்த்திக் கட்டி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்படிப் போய்ச் சேர்ந்த ஏடுகளையும் படங்களையும் அடித்தளமாகக் கொண்டு 1753-இல் தாவரவியலார் லின்னேயஸ் உலகச் செடிகளுக்கெல்லாம் பெயரிட்டபோது, மேலாநெல்லிக்குக் கிடைத்த பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ். மதராசின் பெயர் ஒரு களைச்செடியின் லத்தீன் பெயரில் இன்றும் இருக்கிறது.

அதே நூலில் லின்னேயஸ் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றும் ஒரு பெயர் வைத்தார். அது உண்மையில் அமெரிக்கச் செடி ஒன்றுக்குரியது. இந்தியத் தாவர நூல்களோ நம் கீழாநெல்லியை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிரூரி என்றே எழுதிவந்தன. அமாரஸ் என்ற சரியான பெயர் பிறந்தது ஆப்பிரிக்காவில். இன்றைய கானாவின் கடற்கரையில் ஒரு பகுதி அப்போது டென்மார்க்கின் வசம் இருந்தது. அங்கே பீட்டர் தோனிங் திரட்டிய செடிகளை வைத்து 1827-இல் தாவரவியலார் ஷூமாக்கர் இந்தப் பெயரை வெளியிட்டார். அதே டேனிஷ் கொடி அந்நாளில் தரங்கம்பாடிக் கோட்டையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பறந்தது. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சோழமண்டலக் கரை என மூன்றையும் ஒரே கொடி கட்டிய கப்பல்கள் தொட்டுப் போன காலம் அது. அடிமைகளையும் சர்க்கரையையும் துணியையும் ஏற்றியிறக்கிய அந்த வழிகளில் ஒரு களைவிதை பயணம் செய்வது பெரிய காரியமல்ல.

போன இடத்திலெல்லாம் செடி ஒரு வேலை தேடிக்கொண்டது. பிரேசிலில் இந்தக் குடும்பத்துச் செடிகளைக் ‘கல்லுடைப்பான்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கு அங்கே கஷாயம் வைத்துக் குடிப்பது பாட்டி வைத்தியம். நம்மூரில் அதே குடும்பம் காமாலைக்கு உரிமையானது.

காமாலைக்குக் கீழாநெல்லி என்ற புகழ் எப்படி இவ்வளவு உறுதியாக நிலைத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னைப் புறநகரில் மழைக்காலத்தில் வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தக் குடிநீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் வெறும் வயிற்றில் விழுதைக் குடித்து, எண்ணெயையும் மதுவையும் விட்டு, ஓய்வெடுத்துப் பத்தியம் காத்தவர் எழுந்து நடந்ததும் நன்றி செடிக்குப் போகிறது. வைத்தியர் யாரையும் ஏமாற்றவில்லை. கண் முன்னால் மஞ்சள் வடிந்தது நிஜம். ஆனால் அவர் கண்ணுக்கு அகப்படாத இன்னொரு காமாலை இருந்தது. மஞ்சளே காட்டாமல் முப்பது வருடம் கல்லீரலில் குடியிருந்து, கடைசியில் புற்றாக வெளிப்படும் ஒன்று. கீழாநெல்லியின் இரண்டாவது உலகப் பயணத்தைத் தொடங்கிவைத்தது அதுதான்.

அதற்கு முன் தாம்பரத்தில் ஓர் இடைநிறுத்தம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கே காசநோய் சானடோரியம் ஒன்றைத் தொடங்கினார். அதனால்தான் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். இவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். 1914-இல் இங்கிலாந்து போன கப்பலில் இவரோடு பயணம் செய்த கணித மேதை ராமானுஜன், 1917-இல் அந்த மெண்டிப் மலை மருத்துவமனையிலேயே நோயாளியாகச் சேர்ந்தார். காசநோய் என்றுதான் அன்று நினைத்தார்கள். 1994-இல் ராமானுஜனின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். கல்லீரல் தன் நோயைத் தானாகச் சொல்லாத உறுப்பு. அதைப் படிக்க மற்றவர்கள் நெடுங்காலம் தட்டுத்தடுமாறினார்கள்.

1963-இல் அந்தத் தடுமாற்றத்துக்குள் ஒரு தற்செயல் நுழைந்தது. பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் கல்லீரலைத் தேடவே இல்லை. உலக மக்களின் ரத்தப் புரதங்களில் என்னென்ன வேறுபாடு என்று பார்க்க ஊர் ஊராக ரத்த மாதிரிகள் திரட்டிக்கொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு ரத்தம் உறையாமை நோயாளியின் எதிர்ப்பொருள், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. அந்த ரத்தத்தில் இருந்த பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டார்கள். என்னவென்று புரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய ஃபிலடெல்ஃபியா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பார்பரா வெர்னருக்கு உடல் சோர்வு வந்தது. அவர் தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தார். முன்பு இல்லாத ஆஸ்திரேலியா ஆன்டிஜென் இப்போது இருந்தது. பின்னாலேயே காமாலையும் வந்தது. இப்படித்தான் அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெளிவானது. 1976-இல் பிளம்பெர்க் நோபல் பரிசு பெற்றார்.

அந்த வைரஸ் நம்மோடு நடந்துவந்த தூரம் பெரிது. ஐரோப்பாவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்திய எலும்புகளிலேயே அதன் மரபணுத் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. வளர்ந்தவருக்குத் தொற்றினால் பெரும்பாலோர் உடல் அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். தைவானில் பால்மர் பீஸ்லி 22,707 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 1981-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல். ஏறத்தாழ அதே காலத்தில், 1978-இல், ஃபிலடெல்ஃபியா விலங்குக்காட்சிசாலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வுட்சக் என்னும் கொறிவிலங்குகளிடம் கல்லீரல் புற்று அடிக்கடி வருவதைத் துருவிப் பார்த்தபோது, அவற்றிடமும் இதே குடும்ப வைரஸ் இருப்பது தெரிந்தது. சோதனைக்கு ஒரு விலங்கு கிடைத்துவிட்டது.

இப்போது கதை தரமணிக்கு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ. எல். எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். ஆயாக்கள் அரைத்துக் கொடுக்கும் செடிகள் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனை என்ன செய்கின்றன? கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் சோதனைக்குழாயில் அந்த ஆன்டிஜெனோடு சேர்த்துப் பார்த்தார். செயலிழப்பதாகத் தெரிந்தது. 1982-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அது வெளியானது. சேலையூரிலிருந்து பேருந்து பிடித்துப் போகிற தூரத்தில் நடந்த வேலை அது.

ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பெர்க்கின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோர் அதே செடியைக் கையிலெடுத்தார்கள். அதன் சாறு வைரஸின் நகலெடுக்கும் நொதியைத் தடுப்பதையும், வுட்சக்குகள் சிலவற்றின் ரத்தத்தில் வைரஸ் குறைவதையும் 1987-இல் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் பழைய வழக்கப்படி நிரூரி. அதே ஆண்டில் வைரஸ் காமாலைக்கான மருந்தாக அமெரிக்கக் காப்புரிமையும் ஃபாக்ஸ் சேஸுக்குக் கிடைத்தது. நம் வீட்டுக் கொல்லைச் செடிக்கு அங்கே காப்புரிமையா என்ற கோபம் இங்கே எழுந்தது, அந்தக் கோபம் நியாயமானது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் இதேபோல் நடந்த வழக்குகளுக்குப் பிறகு, பழைய மருத்துவ நூல்களைக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கத்தக்க மொழிகளில் தொகுக்கும் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தை இந்தியா 2001-இல் தொடங்கியது.

1988 அக்டோபரில் லான்செட் இதழில் தியாகராஜன் குழுவும் வெங்கடேஸ்வரனும் பிளம்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. இப்போது செடியின் பெயர் அமாரஸ் என்று திருத்தப்பட்டிருந்தது. சென்னையில் வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து மேலுறை ஆன்டிஜென் மறைந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. நோபல் பரிசு பெற்றவரின் பெயரும் நம்மூர்க் களைச்செடியும் ஒரே கட்டுரையில். அந்தச் செய்தி தமிழ்நாட்டில் எவ்வளவு பெருமிதத்தைக் கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லிச் சூரணமும் மாத்திரையும் மளமளவென்று பெருகின.

பிறகு மற்றவர்கள் அதையே செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் 1990-இல், நெதர்லாந்தில் 1991-இல், நியூசிலாந்தில் 1994-இல். எங்கும் சென்னை முடிவு திரும்ப வரவில்லை. அவரவர் அவரவர் ஊரில் கிடைத்த செடியை, அவரவர் முறையில் பொடித்துக் கொடுத்தார்கள் என்பது சென்னைத் தரப்பின் வாதம். அது வெறும் சாக்கு அல்ல. 1980களின் நடுவிலேயே தாவரவியலார் மித்ராவும் ஜெயினும் இந்தியாவில் நிரூரி என்று எழுதப்பட்டிருப்பது உண்மையில் மூன்று வெவ்வேறு இனங்கள் என்று காட்டியிருந்தார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் 25 மருந்துக் கடைகளில் கீழாநெல்லி வாங்கி மரபணுவரை ஆராய்ந்தபோது மொத்தம் ஆறு இனங்கள் அகப்பட்டன. பெரும்பாலான பொட்டலங்களில் அமாரஸ்தான். மீதியில் மேலாநெல்லி உட்பட உறவினர் கூட்டமே இருந்தது. காயைத் திருப்பிப் பார்த்து வாங்கு என்ற ஆயாவின் சோதனை நல்லதுதான், ஆனால் இந்த உறவினர் பலரிடமும் காய் கீழேதான் இருக்கிறது. காய்ந்து பொடியான பிறகு அந்த அடையாளமும் இல்லை.

இருந்தாலும் இனக்குழப்பத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. 1988 சோதனையில் இருந்தவர்கள் மிகச் சிலர். தொடர்ந்து கவனிக்கப்பட்ட காலமும் குறைவு. அன்று அது ‘முதற்கட்ட ஆய்வு’ என்றே அறிவிக்கப்பட்டது, அந்தச் சொல்லைத்தான் விளம்பரங்கள் விட்டுவிட்டன. 2011-இல் காக்ரேன் என்ற மருத்துவச் சான்று ஆய்வுக்குழு அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் அலசி, நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்குக் கீழாநெல்லி வெற்று மருந்தைவிட மேல் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. கீழாநெல்லியை நேசிக்கிறவர்கள் இந்த வரியை நேர்மையாக விழுங்கத்தான் வேண்டும்.

செடி சிக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வைரஸின் உள்விவகாரம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபுச் செய்தி சுமார் 3,200 எழுத்துகள்தான், நான்கே மரபணுக்கள். ஒன்று மேலுறைக்கு, ஒன்று உள்கூட்டுக்கு, ஒன்று நகலெடுக்கும் நொதிக்கு. நான்காவது எதற்கு என்று தெரியாததால் அதற்கு எக்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது தரும் புரதம் 154 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. 1991-இல் எக்ஸ் மரபணுவை மட்டும் எலிகளுக்குள் செலுத்தி வளர்த்தார்கள். வைரஸ் இல்லை, தொற்று இல்லை, எக்ஸ் மட்டும். அந்த எலிகளின் கல்லீரலில் புற்று வந்தது.

எக்ஸ் என்ன செய்கிறது? கல்லீரல் செல்லுக்குள் ஒரு காவல் உண்டு. எஸ்எம்சி 5/6 என்னும் புரதக்கூட்டு, உள்ளே வந்த அந்நிய மரபுவளையத்தைப் பிடித்து வாயடைத்துவிடும். எக்ஸ் அந்தக் காவலைச் செல்லின் சொந்தக் கழிவு இயந்திரத்திடமே பிடித்துக்கொடுத்து அழித்துவிடுகிறது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். வைரஸ் பேசத் தொடங்குகிறது. செல்லுக்கு இரட்டை நஷ்டம். ஏனென்றால் அதே கூட்டுதான் செல்லின் சொந்த டி.என்.ஏ. அறுந்தால் ஒட்டவைக்கும் வேலையிலும் இருந்தது. அதோடு எக்ஸ் செல்லுக்குள் கால்சியத்தைக் கலக்கி, ‘வளர், பிரி’ என்னும் ஆணைத்தொடர்களைத் தட்டியெழுப்புகிறது. புற்றைத் தடுக்கும் பி53 என்ற காவலின் கையையும் கட்டுகிறது.

இங்கேதான் இன்னொரு சிறு அமினோ அமிலச் சங்கிலி, அதாவது பெப்டைடு, உள்ளே வருகிறது. இன்சுலினுக்கு உறவான ஐ.ஜி.எஃப்-2. வெறும் 67 அமினோ அமிலங்கள். தாயின் வயிற்றில் கரு வளரும்போது அதைப் பெருக்கும் தனி ஆணைகள் உண்டு, பிறந்தபின் அவை அடங்கிவிடும். கல்லீரல் புற்றுச் செல்கள் பலவற்றில் அந்தக் கருக்காலத்து ஆணைகள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. எக்ஸ் அவற்றை எழுப்பக்கூடியது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். செல் ஐ.ஜி.எஃப்-2-ஐ வெளியே விடுகிறது. அது அதே செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பியில் வந்து உட்கார்ந்து ‘பிரி’ என்கிறது. ஒழுங்கான செல் மற்ற செல்களின் உத்தரவுக்குக் காத்திருக்கும். இதுவோ தனக்குத் தானே கடிதம் எழுதித் தானே பிரித்துப் படித்து அதன்படி நடக்கிறது. வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சி, சாகும் செல்கள், அவற்றை ஈடுகட்ட அவசரமாகப் பிரியும் செல்கள், அந்த அவசரத்தில் நம் குரோமோசோம்களுக்குள் செருகிக்கொள்ளும் வைரஸ் துண்டுகள் எல்லாம் இதோடு சேர்கின்றன. முப்பது வருட மௌனத்துக்குள் நடப்பது இத்தனையும்.

1997 ஒரு விசேஷமான ஆண்டு. அந்த ஆண்டு நியூயார்க் ஆய்வாளர்களும் தியாகராஜனும் சேர்ந்து, கீழாநெல்லிச் சாறு கல்லீரல் செல்களில் வைரஸின் ‘என்ஹான்சர் 1’ என்னும் பகுதியை அடக்குகிறது என்று எழுதினார்கள். அந்தப் பகுதிதான் எக்ஸ் மரபணுவை முடுக்கிவிடுவது. சோதனைத் தட்டில் மட்டும் என்றாலும், நம்மூர்ச் செடி அந்த 154 அமினோ அமிலச் சங்கிலியின் பிறப்பிடத்தையே தொட்டிருக்கிறது. அதே 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே தயாரித்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வெளியிட்டது. அதே ஆண்டில் தைவானிலிருந்து வந்த கணக்கு இவை இரண்டையும்விடப் பெரியது. அங்கே 1984-இல் குழந்தைகளுக்கு நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று 0.36 ஆகக் குறைந்திருந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசி குறைக்கும் என்று உலகம் கண்ணாரக் கண்டது அப்போதுதான்.

அந்தத் தடுப்பூசியின் மூலவரும் பிளம்பெர்க்தான். நோயாளிகளின் ரத்தத்தில் மிதக்கும் மேலுறைத் துணுக்கையே பிரித்தெடுத்து ஊசியாக்கலாம் என்று 1969-இலேயே அவரும் மில்மனும் யோசனை சொன்னார்கள். 1981-இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. மனித ரத்தமே தேவைப்படாமல் ஈஸ்ட்டுக்குள் வளர்த்த மேலுறையால் ஆன ஊசி 1986-இல் அனுமதி பெற்றது. 2011-இல் அந்தத் தடுப்பூசி இந்தியா முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்குமான அரசுத் திட்டத்துக்குள் வந்தது. பிளம்பெர்க் காலமானதும், காக்ரேன் தன் தீர்ப்பைச் சொன்னதும் அதே ஆண்டில்தான். அவர் பிறந்த ஜூலை 28 இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம்.

இதற்குள் தாம்பரத்துக்குப் புதிய நிறுவனம் ஒன்று வந்திருந்தது. 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்குச் சித்த வைத்தியரும் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். காலையில் அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊர் மூலிகையை எவ்வளவு நம்புகிறது என்பது தெரியும். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த சான்றும் கூடவே வர வேண்டும் என்பதே என் ஆசை. காமாலை என்றால் இலையை அரைக்கும் அதே நாளில் மேலுறை ஆன்டிஜென் பரிசோதனையையும் செய்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 3 கோடிப் பேர் இந்த வைரஸோடு இருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்த மாத்திரைகள் வைரஸை முற்றாக அகற்றாது, ஆனால் அடக்கிவைக்கும். புற்று வரும் வாய்ப்பையும் குறைக்கும்.

பெப்டைடுகளின் பக்கத்திலிருந்தும் ஒரு திருப்பம் வந்தது. வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பது 2012 வரை தெரியாது. பெய்ஜிங்கில் லீ வென்ஹுயி குழு அதைக் கண்டுபிடித்தது. பித்த உப்புகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் என்.டி.சி.பி. என்ற புரதமே அந்தக் கதவு. வைரஸ் தன் மேலுறையின் ஒரு நுனியை அதில் மாட்டித்தான் நுழைகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஸ்டெஃபான் உர்பான் குழு அந்த நுனியை அப்படியே பார்த்து 47 அமினோ அமிலங்களில் ஒரு பெப்டைடு செய்து, கொழுப்பு அமிலம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தது. அது கதவில் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால் வைரஸுக்கு இடமில்லை. புலெவிர்டைடு என்ற அந்த மருந்துக்கு 2020-இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கி வாழும் ஹெபடைட்டிஸ் டி வைரஸுக்கு எதிராக இப்போது அது பயன்படுகிறது.

கீழாநெல்லி இன்னும் நியாயமான ஒரு தேர்வை எழுதவில்லை என்பது என் கருத்து. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தில் கல்லீரல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளின் ஆயுளை இந்தச் செடியின் சாறு நீட்டியதாக 2000-இல் எழுதினார்கள். எலியிலிருந்து மனிதருக்கு நெடுந்தூரம். அதைக் கடக்க, மரபணு அடையாளம் பார்த்து உறுதிசெய்த அமாரஸ் வேண்டும். எந்த மண், எந்த மாதம், பச்சையா பொடியா என்ற குறிப்பு வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஃபில்லாந்தின் போன்ற சேர்மங்கள் எவ்வளவு என்ற அளவீடும், சில நூறு நோயாளிகளும், சில ஆண்டுப் பொறுமையும் வேண்டும். மறைந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. ரத்தத்தில் வைரஸின் அளவு எவ்வளவு இறங்கியது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1982-இல் தரமணியில் இவற்றில் பல கருவிகள் இல்லை. இன்று தரமணியிலும் தாம்பரத்திலும் இருக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு இது எட்டாத வேலை அல்ல, செடியோ சுற்றியுள்ள எல்லாக் காலி மனையிலும் முளைத்துக் கிடக்கிறது.